கட்டைவிரல் தூக்கிய கலப்பை

ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே, முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் கான்சாபுரத்து வயலில் கிடந்த ஒன்பது கொத்து டிராக்டர் கலப்பையைத் தன் இடது கால் கட்டைவிரலால் இரண்டரை அடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியதாக வைகுண்டராஜ் சொன்னபோது, பந்தியில் அவருக்கு எதிர்வரிசையில் இருந்தவருக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. கட்டைவிரல் மட்டும்தான் வேலை செய்தது, மற்ற நாலு விரலும் சும்மா வேடிக்கை பார்த்தன என்று அவர் கூடுதல் விவரமும் கொடுத்தார்.

இடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். விசேஷம், பாண்டிச்செல்வத்தின் பேத்திக்குக் காதுகுத்து. வைகுண்டராஜ் வ. புதுப்பட்டிக்காரர். ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபதாயிரம் நூற்புக் கதிர்கள் இரையும் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, எந்தக் கதிருக்குக் காய்ச்சல், எதற்கு வெறும் சளி என்று பிரித்துச் சொல்லிவிடுவாராம். அவரே சொன்னது. அப்படிப்பட்டவர் வாயிலிருந்து கட்டைவிரல் வந்ததில் யாருக்கும் அதிர்ச்சி இல்லை. பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாற வந்தவர்கள் பரிமாறாமல் நின்று சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர். தனுஷ்கோடி. போலீஸில் ஏட்டாக இருந்து, அதிலும் ஸ்டேஷன் ரைட்டராகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். அவர் கைப்பட எழுதிய வாக்குமூலங்களை அடுக்கினால் பிளவக்கல் அணைக்கு இன்னொரு கரை கட்டிவிடலாம். காலையில் உதிக்கிற சூரியனிடம்கூட நேற்று ராத்திரி எங்கே இருந்தாய் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். வைகுண்டராஜுக்குப் பக்கத்து வீடு. இருபது வருஷமாக அவர் சொன்ன ஒரு சொல்லைக்கூட நம்பாமல் நட்பைக் காப்பாற்றி வந்தவர்.

"சாட்சி உண்டா அண்ணாச்சி?" என்று தனுஷ்கோடி கேட்டார்.

வைகுண்டராஜ் அவரை ஒரு நிமிஷம் ஆசையாகப் பார்த்தார். பிறகு, சர்க்கரை வியாதிக்காரர் என்ற நினைப்பே இல்லாமல், பாயச வாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

தனுஷ்கோடியின் கேள்வியில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. சாட்சி உண்டு. ஒரே ஒரு சாட்சி. அவர் தனுஷ்கோடியேதான். அதை ஏன் அவர் பருப்பு வடையோடு சேர்த்து மென்று விழுங்கினார் என்பதற்கு மூன்று வாரம் பின்னால் போக வேண்டும்.

தனுஷ்கோடிக்குக் கான்சாபுரத்தில் மூன்றரை ஏக்கர் வயல். அவருக்கு என்று சொல்வது பேச்சுக்கு. மனைவி வெங்கடேஸ்வரிக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி பாண்டிச்செல்வத்தின் வயல். தனுஷ்கோடி வேலையில் இருந்த காலமெல்லாம் அக்கா வயலையும் சேர்த்து உழுதுகொடுத்தது பாண்டிச்செல்வத்தின் டிராக்டர்தான். உழுதது வருஷத்துக்கு இரண்டு நாள். அதைச் சொல்லிக் காட்டியது மீதி நாள் முழுக்க. கல்யாண வீடு, சாவு வீடு, பால்காய்ச்சு என்று எங்கே நாலு பேர் கூடினாலும், மச்சான் சட்டை மடிப்புக் கலையாமல் விவசாயம் பார்க்கிறவர் என்று பாண்டிச்செல்வம் ஆரம்பித்துவிடுவார். ஒரு சாவு வீட்டில் பாடையைத் தூக்கப் போகிற நேரத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். தூக்கியவர்கள் சிரித்ததில் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது.

ஆகவே ஓய்வு பெற்ற மறுமாதமே தனுஷ்கோடி ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். மனிதருக்குப் பேராசை ஒன்றுமில்லை. தன் வயலில் மச்சினன் டிராக்டரின் டயர்த்தடம் இனி விழக்கூடாது. அவ்வளவுதான்.

டிராக்டரின் பின்பக்கம் கலப்பையைத் தூக்கி இறக்க இரண்டு இரும்புக் கைகள் இருக்கும். ஹைட்ராலிக் லிஃப்ட். உள்ளே ஆயில், அதை உறிஞ்சித் தள்ள ஒரு பம்ப், பம்ப்பின் வாயில் குப்பை போகாமல் இருக்க ஒரு கம்பிவலை வடிகட்டி. புரட்டாசி பிறந்ததும் தனுஷ்கோடி அந்த ஆயிலை மாற்றினார். பழையதை முழுக்க இறக்கி, வடிகட்டியைக் கழற்றி டீசலில் கழுவி, வெயிலில் காயவைத்து, திருப்பிப் போட்டார். புது ஆயில் கம்பெனி சீல் வைத்த கேனில் வந்தது. சீலைப் பார்த்து நம்பிவிடுகிற ஆளா அவர்? எத்தனை சீல் வைத்த பொருட்களை உடைத்துப் பார்த்திருப்பார். புனலில் துணி கட்டி, நாலு மடிப்பாக மடித்து, முப்பது லிட்டரையும் அரைப்படி அரைப்படியாக வடிகட்டி ஊற்றினார். ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அந்த ஆயிலில் அன்றைக்குத் தோசை சுட்டுச் சாப்பிட்டிருந்தால்கூட வயிற்றுக்கு ஒன்றும் செய்திருக்காது.

பிளவக்கல்லில் தண்ணீர் திறந்தாயிற்று, கான்சாபுரத்து வாய்க்காலுக்கு வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடும் என்று செய்தி வந்தது. அதற்குள், காய்ந்த மண்ணில் ஓட்டுகிற புழுதி உழவை முடித்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை தனுஷ்கோடி, சலவைச் சட்டையோடுதான், டிராக்டரில் ஏறி வயலில் இறங்கினார். முதல் ஐந்து நிமிஷம் கலப்பை கம்பீரமாக ஏறி இறங்கியது. ஆறாவது நிமிஷம் வரப்போரம் திருப்புவதற்காகத் தூக்கினால், பந்தியில் மூன்று தடவை பாயசம் வாங்கியவர் தரையிலிருந்து எழுந்திருக்கிற மாதிரி முனகிக்கொண்டு கால் அடி எழும்பியது. பிறகு அதுவும் இல்லை. கலப்பை மண்ணில் கிடந்தது. தனுஷ்கோடி லீவரை இழுத்த இழுப்பில் எதிரே வரப்பில் மேய்ந்த ஆடுதான் இரண்டடி பின்னால் போனது.

வரப்பில் பாண்டிச்செல்வம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்பதைத் தனுஷ்கோடியின் போலீஸ் கண்ணே கவனிக்கவில்லை.

"என்ன மச்சான், கலப்பைக்கும் ரிட்டயர்மென்ட் குடுத்துட்டியளா?"

பாண்டிச்செல்வம் பதிலுக்காகக் கேட்கவில்லை. தன் வண்டி சும்மாதான் நிற்கிறது, அக்காவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்று அன்பு ஒழுகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அன்பு அவர் நடந்துபோன வரப்பு நெடுகச் சொட்டிக்கொண்டே போனது.

புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கௌதம்ராஜ் என்ற மெக்கானிக் வந்தார். ஆறாம் நிமிஷம் தூக்காததைப் பார்த்தார். பம்ப் தேய்ந்துவிட்டது என்றார். ஆயில் சூடேறி இளகியதும் தேய்ந்த பம்ப்பால் தள்ள முடியவில்லையாம். புதுப் பம்ப் மதுரையிலிருந்து திங்கட்கிழமைதான் வரும். திங்கட்கிழமை அந்த வயலில் டிராக்டர் ஓட்ட முடியாது, பரிசல்தான் விடலாம். வெங்கடேஸ்வரி தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று கேட்டாள். தனுஷ்கோடி, தேவையானால் நுகத்தடியைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொள்வதாகச் சொன்னார். அவளுக்கு அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. கயிறு எங்கே இருக்கிறது என்று சொன்னாள்.

வேறு போக்கில்லாமல் அன்று சாயங்காலம் அவர் வைகுண்டராஜுக்குப் போன் போட்டார்.

வைகுண்டராஜ் அப்போது ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இடது கால் கட்டைவிரலில் புண். மலையிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றி ஒன்றோடு நேருக்கு நேர் மோதியதில் வந்தது என்று நர்ஸுகளிடம் சொல்லி வைத்திருந்தார். பன்றியின் நிலைமை இன்னும் மோசமாம். சொந்த வீட்டுக் கட்டில் காலில் விரல் இடித்ததும், சர்க்கரை இருந்ததால் புண் ஆறாமல் போனதும் பக்கத்து வீட்டுத் தனுஷ்கோடிக்குத் தெரியும். இடித்த அன்று அவர் போட்ட கத்தலில் தெருவில் இரண்டு பேர் நிலநடுக்கம் என்று வெளியே ஓடி வந்தார்கள்.

வைகுண்டராஜ் போனிலேயே வைத்தியத்தை ஆரம்பித்தார். ஆயில் அளவு பார்க்கச் சொன்னார். சரியாக இருந்தது. லீவர் நிற்கிற இடத்தைச் சொல்லச் சொன்னார். அதுவும் சரி. கலப்பையைக் கழற்றிவிட்டு வெறும் கைகளைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். ஆறாம் நிமிஷம் வெறும் கையே சோம்பல் முறித்தது. போனைப் பம்ப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, மூச்சுவிடாமல் கேட்டார். நெல்லிக்காய் அளவு ஓட்டையில் யானை தும்பிக்கையை விட்டு உறிஞ்சுகிற சத்தம் என்றார். கடைசியாக, இன்ஜினைப் பத்து நிமிஷம் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டதும் கைகள் சுறுசுறுப்பாக எழும்பின. ஐந்து நிமிஷம் போனதும் படுத்தன.

"ஏட்டையா, சூடான ஆயிலு பத்து நிமிஷத்துல ஆறுமா?"

"ஆறாது. இன்னும் கை வைக்க முடியலை."

"அப்ப சூடு காரணம் இல்ல. பம்ப்பும் காரணம் இல்ல. எதோ ஒண்ணு ஓடும்போது அது வாயை வந்து அடைக்கி. நிப்பாட்டினா வெலகிப் படுத்துக்கிடுது. வடிகட்டியக் கழட்டிப் பாரும்."

இங்கேதான் தனுஷ்கோடிக்குள் இருந்த ரைட்டர் எழுந்து உட்கார்ந்தார். வடிகட்டியைத் தன் கையால் கழுவிப் போட்டிருக்கிறார். ஆயிலைத் தன் கையால் வடிகட்டி ஊற்றியிருக்கிறார். இதில் குப்பை எப்படி வரும்? எதில் வடிகட்டினீர்கள் என்று வைகுண்டராஜ் கேட்டார். துணியில் என்றார் தனுஷ்கோடி. துணி என்றதும் வைகுண்டராஜின் மனக்கண்ணில் நூறு தடவை துவைத்து நைந்த வேட்டி ஒன்று வந்து நின்றது. அதில் வடிகட்டினால் நல்ல ஆயில்தான். அவரும் குழம்பிப்போனார். குழம்பியதை ஒத்துக்கொள்கிற வழக்கம் இல்லாததால், அந்தப் பன்றி கனவில் வந்து பதில் சொல்லும் என்று போனை வைத்துவிட்டார். முப்பது லிட்டரை மறுபடி இறக்கி ஏற்ற அரை நாள் வேண்டும். ஒரு பொய்யர் பேச்சைக் கேட்டுக் கடைசி அரை நாளையும் இழக்கத் தனுஷ்கோடி தயாராக இல்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் அவர் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். எந்தக் கடையிலாவது பழைய பம்ப் ஒன்று கிடக்காதா என்ற நப்பாசை. நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. நாலாவது கடைக்காரர் இந்த மாடல் பம்ப்பை மியூசியத்தில் கேட்டுப் பாருங்கள் என்றார். திரும்பிப் போகிற வழியில் ஆஸ்பத்திரி இருந்தது. காலையில் வரும்போதே, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றபோது, நோயாளியை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதே என்று அரைக் கிலோ பால்கோவாவும் வாங்கி வைத்திருந்தார். சர்க்கரைப் புண்ணுக்குப் பால்கோவா. அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வேறு எதையாவது வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் யாரும் இருப்பதாக அவருக்குத் தெரியாது.

அவர் உள்ளே போன நேரம், பரிபூரணம் என்ற நர்ஸம்மா வைகுண்டராஜின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்தார் என்பதைவிட விசாரித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். முந்தின நாள் அவர் கட்டிய கட்டு வேறு மாதிரி. குளிக்கப் போன இடத்தில் அது நனைந்துவிட, நோயாளி யாரிடமும் சொல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கட்டுத்துணியைக் கத்தரிக்கோலால் வெட்டித் தானே கட்டிக்கொண்டுவிட்டார். தான் பழைய ஃபிட்டர் என்பதால் ஒரு விரலை ஃபிட் செய்யத் தெரியாதா என்பது அவர் கட்சி. இப்போது விரல் முழுக்க வெள்ளை வெள்ளையாய் நூல். புண்ணோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. நர்ஸம்மா இடுக்கியால் ஒவ்வொன்றாய்ப் பிடுங்க, காட்டுப்பன்றியை வென்ற வீரர் கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"வெட்டுன ஓரத்துல நூல் உதிரும்லா தாத்தா? வெட்டுன பக்கத்தை உள்ள மடிச்சுல்லா வைக்கணும்? முப்பத்தஞ்சு வருஷம் மில்லுல என்னத்தப் பாத்திய?"

வைகுண்டராஜ் கம்பியை விட்டார். இடுக்கியின் நுனியில் ஆடிய நூலையே பார்த்தார். அவர் பேசாமல் இருந்து தனுஷ்கோடி பார்த்தது அதுதான் முதல் தடவை. விரல் போயிற்றோ என்று நிஜமாகவே பயந்துவிட்டார்.

"ஏட்டையா," என்றார் வைகுண்டராஜ், மெதுவாக. "ஆயிலை வடிகட்டுனேன்னியளே. எந்தத் துணி?"

தனுஷ்கோடி நண்பரின் கட்டைவிரலை நோக்கி விரலை நீட்டினார்.

இதில் அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெங்கடேஸ்வரியின் சித்தி குடும்பம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறது. வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய வெட்டுத் துண்டுகள் கொண்டுவருவார்கள். அந்த வீட்டில் பால் வடிகட்டுவது, புளி கரைப்பது, டிவி துடைப்பது, சாமி விளக்குக்குத் திரி திரிப்பது எல்லாம் அதில்தான். உலகத்தில் மற்றவர்களுக்கு அடிபட்டால்தான் அந்தத் துணி. தனுஷ்கோடிக்குத் துணி என்றாலே அந்தத் துணிதான். வேறு துணியும் உண்டு என்பது உடுத்தும்போது மட்டும் நினைவுக்கு வரும். சீல் வைத்த சுத்தமான ஆயிலை நம்பாமல், நாலு மடிப்புக் கட்டுத்துணியை ஓரம் ஓரமாய் வெட்டி, அதன் வழியாக முப்பது லிட்டரையும் ஊற்றி, உதிர்ந்த நூலையெல்லாம் பத்திரமாக உள்ளே அனுப்பி வைத்திருக்கிறார். பம்ப் உறிஞ்சும்போது நூல் வந்து வலையில் அப்பிக்கொள்கிறது. நிறுத்தினால் உதிர்ந்து மிதக்கிறது. டிராக்டருக்கு ஒரு காயமும் இல்லாமலே கட்டுப் போட்டுவிட்டார்.

வைகுண்டராஜ் தன் கட்டைவிரலைக் கும்பிட்டார். நர்ஸம்மா அவருக்கு ஜுரம் வந்துவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தனுஷ்கோடி பால்கோவாவைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். நர்ஸம்மா அதைப் பறிமுதல் செய்தார்.

மதியம் பன்னிரண்டரைக்கு வயலில் ஆயில் இறங்கியது. வடிகட்டியைக் கழற்றி வெளியே எடுத்தபோது அது வடிகட்டியாகவே இல்லை. எண்ணெய் குடித்துக் கொழுத்த பெருச்சாளி ஒன்று உள்ளே வளைந்து படுத்திருந்தது போல, வலையைச் சுற்றி நூல் மெத்தை. அதில் ஒரு கைக்குழந்தைக்குத் தலையணை தைக்கலாம், மிச்சத்தில் குல்லாய் ஒன்றும் பின்னலாம். தனுஷ்கோடி நாலு பக்கமும் பார்த்தார். வரப்பில் யாரும் இல்லை. தடயத்தை மறைப்பது எந்தப் பிரிவில் வரும், அதற்கு எத்தனை வருஷம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர், அந்த நூல் உருண்டையை வரப்போரம் குழி தோண்டிப் புதைத்து, மேலே மண் போட்டு, மிதித்து, அதற்கு மேல் ஒரு காய்ந்த மட்டையையும் இழுத்துப் போட்டார். எத்தனையோ கொலைகாரர்களை இதைவிட அரைகுறை வேலைக்காகத் திட்டியிருக்கிறார்.

தொட்டியை டீசலால் அலசினார். புது ஆயில், சீல் உடைத்த கேனிலிருந்து நேராக, கம்பிவலை வைத்த புனல் வழியாக. இந்தத் தடவை சீலைச் சந்தேகப்படவில்லை. அதற்கு அவர் பட்ட கஷ்டம் அவருக்குத்தான் தெரியும். நாலு மணிக்கு லீவரை இழுத்தார். வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பையன் மாதிரி கலப்பை விருட்டென்று எழுந்து நின்றது. பத்து நிமிஷம், இருபது, நாற்பது. சொன்னபோதெல்லாம் எழுந்தது. வைகுண்டராஜுக்குப் போன் செய்து "தூக்குது" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு, அவர் பேச ஆரம்பிப்பதற்குள் அணைத்தார். இருட்டும்வரை உழுதார். வெள்ளிக்கிழமை விடிகாலையில் மிச்சத்தையும் முடித்துவிட்டு, சட்டையை மாற்றாமல், வேண்டுமென்றே அழுக்குச் சட்டையோடு, வாய்க்கால் கரையில் வந்து நின்றார்.

ஒன்பது மணிக்குப் பாண்டிச்செல்வம் தன் டிராக்டரோடு வந்தார். வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, கல்யாண மாப்பிள்ளை போலக் கொண்டுவந்திருந்தார். உழுது கிடந்த மூன்றரை ஏக்கரைப் பார்த்தார். அழுக்குச் சட்டையைப் பார்த்தார். எந்த மெக்கானிக் வந்தான் என்று கேட்டார்.

"யாரு வரணும்? நானே கழட்டிப் பாத்தேன். சரியாப் போச்சு."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்று தனுஷ்கோடி பிற்பாடு தன்னையே சமாதானம் செய்துகொண்டார். கழற்றியது அவர்தான். பார்த்ததும் அவர்தான். சொல்லாமல் விட்டது மட்டும்தான் கொஞ்சம் அதிகம். பாண்டிச்செல்வம் முதல் தடவையாக அவரை மேலும் கீழும் பார்த்து, "பரவால்லையே மச்சான்" என்றார். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அந்த வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதைக் கேட்ட காதைத் தனுஷ்கோடி இரண்டு நாள் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார்.

இப்போது புரியும், மண்டபத்துப் பந்தியில் அவர் ஏன் சாட்சி கேட்டார் என்று. எதிரே உட்கார்ந்திருப்பது பாண்டிச்செல்வம். கட்டைவிரல் வெளியே வந்தால் பின்னாலேயே கட்டுத்துணியும் வரும். கட்டுத்துணி வந்தால் அடுத்த முப்பது வருஷத்துக்கு எந்தச் சாவு வீட்டுக்கும் அவர் நிம்மதியாகப் போக முடியாது. வைகுண்டராஜோ காட்டிக்கொடுக்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஓர் உண்மையைச் சொல்லி, அதையும் ஊரே நம்பவில்லை என்கிற புது அனுபவத்தை அவர் பாயசத்தைவிட அதிகமாக ரசித்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே காலைத் தூக்கி, கட்டு அவிழ்ந்த விரலைப் பந்திக்கே தரிசனம் காட்டினார்.

இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போகும் வழியில்தான் விவகாரம் முற்றியது. பாண்டிச்செல்வம் தனுஷ்கோடியின் தோளில் கையைப் போட்டார். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். வெங்கடேஸ்வரியும் நின்றாள்.

"அண்ணாச்சி வெரல் கெடக்கட்டும் மச்சான். என் வண்டியும் பத்து நாளா கலப்பை விஷயத்துல மக்கர் பண்ணுது. நாளைக்கு நீங்க ஒரு எட்டு வந்து பாக்கணும். உங்க வண்டிய நீங்களே பாத்தியள்லா."

பத்துப் பேரும் தனுஷ்கோடியை மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த மரியாதை வெயிலில் நடந்து வந்தவனுக்கு மோர் கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு வாய் குடித்தார். பிறகு, ஆறாம் நிமிஷம்தான் தூக்காமல் போகிறதா என்று பெரிய கையைப் போலக் கேட்டுவைத்தார். அதே கட்டுத்துணி வியாதியாக இருந்தால் போய் வடிகட்டியைக் கழுவிவிட்டு வந்துவிடலாமே.

இல்லையாம். காலையில் தூக்குமாம், நாள் முழுக்கவும் தூக்குமாம், ஆனால் இன்ஜினை அணைத்த மறு நொடி கலப்பை தொப்பென்று கீழே விழுந்துவிடுமாம். போன வாரம் பாண்டிச்செல்வத்தின் செருப்பு மேலேயே விழுந்ததாம். காலை எடுத்ததால் கால் தப்பியதாம்.

டிராக்டருக்கு இப்படியும் ஒரு வியாதி உண்டு என்பதே தனுஷ்கோடிக்கு அப்போதுதான் தெரியும். நாளைக்குப் போய் மச்சினன் வயலில், மச்சினன் கூட்டிவைத்திருக்கும் ஆட்கள் நடுவில், எதைக் கழற்றுவது? கழற்றியதை எங்கே மாட்டுவது? இந்தத் தடவை ஓடிப்போய்ப் பார்க்கக் கட்டைவிரலும் இல்லை. அது ஆறிப்போய் எதிரே ரப்பர் செருப்பில் சுகமாக நின்றுகொண்டிருந்தது.

அண்ணாச்சியைக் கூட்டிப் போனால் நல்லது, மெஷின் விஷயத்தில் கெட்டிக்காரர் என்று பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார். பாண்டிச்செல்வம் வாய்விட்டுச் சிரித்தார்.

"வெரலால கலப்பையத் தூக்குனவரையா? ஏன் மச்சான், என் வண்டிய வச்சு வெளையாடச் சொல்லுதியளா? அந்தப் பொய்யர் கை என் வண்டி மேல படக்கூடாது. நீங்கதான் வரணும்."

வைகுண்டராஜ், ஏட்டையா பார்த்துக்கொள்வார் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தத் தலையாட்டல்தான் தாங்க முடியவில்லை.

ஒரு பக்கம், இன்றைக்கு இங்கே போகிற மானம். இன்னொரு பக்கம், நாளைக்கு வயலில் கழற்றிப் போட்ட நட்டு போல்ட்டுக்கு நடுவில் உட்கார்ந்து போகப்போகிற மானம். இரண்டையும் நிறுத்துப் பார்த்தார். நாளைக்குப் போவது இன்னும் கனமாக இருந்தது. நேர்மை பொங்கியதால் உண்மையைச் சொன்னார் என்று எழுத ஆசைதான். வேறு வழி இல்லாததால் சொன்னார்.

தோளில் கிடந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார். துண்டை இறக்கி மடித்தார். முப்பது வருஷமாகக் கோர்ட்டில் நின்ற மாதிரியே குதிகாலைச் சேர்த்து நின்றார். சீல் வைத்த கேனில் ஆரம்பித்தார். கட்டுத்துணியைச் சொன்னார். எத்தனை மடிப்பு என்பதைக்கூட விடவில்லை. பரிபூரணம் நர்ஸம்மா, இடுக்கி, நூல், வடிகட்டி, வரப்போரம் தோண்டிய குழி, அதன் மேல் இழுத்துப்போட்ட மட்டை வரைக்கும் மணி, நேரம் குறித்துச் சொன்னார். பாதியிலேயே வெங்கடேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாண்டிச்செல்வத்துக்குச் சிரிக்க வாய் போதவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். டிராக்டருக்கே கட்டுப் போட்ட மச்சான் என்று அவர் மனசுக்குள் எழுதிக்கொள்வதைத் தனுஷ்கோடி கண்ணாலேயே பார்த்தார். இருந்தும் நிறுத்தவில்லை. ஆரம்பித்த வாக்குமூலத்தை அவர் ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை.

"இப்பவாவது சொல்லுங்க மச்சான்," என்று பாண்டிச்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்ப அந்த வெரல் கதை?"

தனுஷ்கோடி வைகுண்டராஜைப் பார்த்தார். பிறகு மச்சினனைப் பார்த்தார்.

"நடந்தது, மாப்ள. கட்டவெரல்தான் தூக்குச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். ரெண்டரை அடிங்கது மட்டும் கூடுதல், ரெண்டடிதான்."